மஞ்சள் பூசிய சந்து

ஆனி 27, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. வைகை மணல் பாதி ஊருக்குள்தான். கண்ணில், காதில், மைப்புட்டியில்.

அமாவாசை. விடியுமுன் குளித்து அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. மதியம் தாண்டும் வரை பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. வெறும் வயிற்றோடு வடக்குப் பகுதி முழுக்க சர்வே, முனிசிபாலிட்டி போடுகிற புது ஊர்ப்படத்துக்கு. பதினொரு சந்து. ஒரே நாளில்! எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு நாளைக்கு மூணு சந்துக்கு மேல் போனதே கிடையாதாம். கருப்பையா அண்ணன் சொன்னது. அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், ஆபீசில் எனக்கெல்லாம் ரொம்ப மூத்தவர். அவருக்கே மூச்சு வாங்கிவிட்டது.

பேரையூர்க்காரன் என்று இளப்பமாய்ப் பார்த்தார்கள். மானாவாரிக் காட்டில் நடந்து பழகின கால் இது. பார்க்கட்டும்.

ஆபீசர் உத்தரவு: கண்ணால் கண்டதை மட்டும் எழுது, வாயால் சொன்னதை எழுதாதே. கடை வைத்திருப்பவன் வீடு என்பான், லைசென்ஸ் கேட்டுவிடுவார்களோ என்று பயம். வீட்டுக்காரன் கடை என்பான், நாளைக்கு வாடகைக்கு விடலாமே என்று ஆசை. நல்ல உத்தரவு. எனக்குப் பிடிச்சிருக்கு. கருப்பையா அண்ணனிடமும் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்.

"நான் கேட்டாலொழிய நீங்க வாயைத் திறக்கக் கூடாதுண்ணே. என் கண்ணைக் கெடுத்துராதீங்க."

"சரிங்க சார்."

பதினொண்ணில் மனசுக்குப் பிடிச்சது கிணத்தடிச் சந்து. முப்பது வாசலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு சத்தம் இல்லை. கதவெல்லாம் ஒருக்களித்துக் கிடந்தது. ஒரு நடுவயசு அம்மா வெயிலில் தலையை உலர்த்திக்கொண்டு நின்றது. உத்தரவு எப்படியிருந்தாலும் சும்மா கேட்டு வைத்தேன்: "என்னம்மா, இங்கே தொழில் கிழில் ஏதும் நடக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வீடுதான். பிள்ளை குட்டியோட இருக்கோம்."

கண்ணும் காதும் ஒத்துப்போச்சு. வீடு, வீடு, வீடு என்று நோட்டில் ஒரே பத்தி. குறிப்பில்: "மிக அமைதியான தெரு. குடியிருப்புக்கு மிகவும் ஏற்றது." சுவர்தான் எல்லாம் கறுப்படைந்து கிடக்கு. சுண்ணாம்பு அடிக்கச் சோம்பேறித்தனம்.

நாமே அங்கே ஒரு வீடு பார்த்தால் என்ன? இங்கே பக்கத்துக் குதிரை லாயத்தோடு மாரடிக்க முடியவில்லை. வீட்டில் மரகதத்திடம் சொல்லணும்.

மறக்காமல்: பென்சில் 2. குடைக்கம்பி. வாழைக்காய்ப் பொரியலில் உப்பு இல்லை. அமாவாசையும் அதுவுமாய்ச் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஆடி 12, வெள்ளி

படம் முடிஞ்சது!

தரையில் விரித்து நாலு முனையிலும் நாலு செங்கல் வைத்துவிட்டு, நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தேன். யாரும் இல்லை அறையில். இருந்தாலும் ஏறியிருப்பேன்.

மஞ்சள் வீடு. சிவப்பு கடை. ஊதா பட்டறை, மண்டி, புகை, சத்தம், நாற்றம் எல்லாம். படம் சர்க்காரில் பாஸ் ஆகிவிட்டால் பிறகு இதுதான் சட்டம். மஞ்சளில் எவனும் கடை திறக்க முடியாது. சுத்தியல், உலை, எஞ்சின் எதுவும் மஞ்சளில் ஆகாது. ஏற்கெனவே இருந்தால் தவணை கொடுத்து ஆத்துக்கு அந்தப்புறம் அனுப்பிவிடுவார்கள். சிவப்பில் கட்டடம் கட்டுகிறவன் வாசலில் மாட்டுவண்டி நிற்க இடம் விட்டுத்தான் கட்டணும். முனைக் கட்டடமென்றால் மூலையைச் சாய்வாக வெட்டிக் கட்டணும், வண்டி திரும்ப.

கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கிற இந்த ஊரில், நாளைக்குக் கடைவீதி எந்தப் பக்கம் வளரணும், எங்கே நிற்கணும் என்று சொல்கிற கை இது. நான் ஒன்றும் ஜம்பம் அடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். என் நோட்டுதானே.

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கையெழுத்துப் போடவே கூசுதுப்பா ஆறுமுகம். அழுக்காயிருமோன்னு." போட்டார். பிறகு மெதுவாக: "உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதி வச்சிருக்கேன். படம் ஒழுங்கா மெட்ராஸ் போகட்டும்."

மரகதத்திடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "நம்ம வீடு என்ன கலரு?"

"சிவப்பு."

"அப்ப நம்ம வாசல்ல இட்லிக்கடை போடலாமா?"

"டிராப்ட்ஸ்மேன் பெண்டாட்டி இட்லி விக்கிறதா?"

"ஏன், டிராப்ட்ஸ்மேன் இட்லி திங்கிறதில்லையாக்கும்?"

ஆடி 18, வியாழன்

ஆத்தில் கொஞ்சம் தண்ணி. கூட்டம் அதுக்கு மேல். ம. கட்டிக்கொடுத்த புளிச்சோறு அருமை. (இன்று உப்பு சரி.)

படத்தின் நகலை ஆபீஸ் வாசலில் மாட்டியாச்சு. பக்கத்தில் இங்கிலீஷில் நோட்டீஸ், ஆட்சேபம் இருக்கிறவர்கள் ஆவணி பத்துக்குள் எழுதிக் கொடுக்கலாமென்று. கூட்டத்தோடு கூட்டமாய் நின்று கேட்டேன், யாரோ மாதிரி.

"என்னண்ணே இது, கம்பளமா?"

"ஊருப்பா. இந்தா, இதான் கோயில்."

"அட! அப்ப என் கடை எங்கே?"

"அந்தா செவப்பு. தப்பிச்சே மாப்ள."

யார் வரைந்தது என்று ஒருத்தனும் கேட்கவில்லை. போகட்டும். நல்லா இருக்கு என்று ஒருவர் சொன்னார், அவர் காதுகுத்துக்கு வந்த வெளியூர்க்காரர்.

ஆடி 27, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அரை நாள் ஆபீஸ். குடம் ஒழுகுகிறது என்று ம. நாலு நாளாய் நச்சரிப்பு. பித்தளைக் குடம், அவள் பிறந்த வீட்டுச் சீர். இரண்டு பேரும் பாத்திரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் குடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாங்க விக்கிறதோட சரி மாப்ள. ஓட்டை அடைக்கணும்னா கிணத்தடிச் சந்துக்குப் போங்க. எங்க கடைச் சாமான் அம்புட்டும் அங்கே அடிச்சு வாரதுதான்."

"அது வீட்டுத் தெருவாச்சேண்ணே."

"யாரு சொன்னா?" சிரித்தார்.

நான்தான் சொன்னேன் என்று சொல்லவில்லை.

சந்து முனைக்கு வருமுன்பே கேட்டுவிட்டது. உள்ளே நுழைந்தால் முப்பது வாசலிலும் சுத்தியல். டங் டங் டங் என்று ஒன்றின் மேல் ஒன்று, காது கிழிகிற சத்தம். உலை, புகை, அண்டா, குத்துவிளக்கு, குடம், தவலை. ம. காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "என்னங்க இம்புட்டுச் சத்தம்! இங்கேயா வீடு பார்க்கலாம்னீங்க?"

அன்றைக்குத் தலை உலர்த்திய அதே அம்மா. காமாட்சியம்மா என்று பெயர். புருஷன் போனபிறகு பட்டறையை இவர்தான் நடத்துகிறார், நாலு ஆட்களை வைத்து. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "நீங்கதானே அன்னிக்கு நோட்டும் கையுமா வந்தவுக?"

"ஆமாம்மா. அன்னிக்கு ஏன் சத்தமே இல்லை?"

"அன்னிக்கு அமாவாசையில்ல தம்பி! அமாவாசைக்குப் பாத்திரம் அடிக்கிற கன்னான் எவன் சுத்தியலத் தொடுவான்?"

தலையில் அந்தச் சுத்தியலாலேயே போட்ட மாதிரி இருந்தது. அமாவாசை. எனக்குத் தெரியாத அமாவாசையா? எள்ளுத் தண்ணி விட்ட ஈரக் கையோடுதானே நோட்டை எடுத்தேன்! என் அமாவாசை எனக்கு விரதம். அவர்களுக்கும் ஒரு அமாவாசை இருக்கும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லையே. கறுத்த சுவரைப் பார்த்துச் சோம்பேறிகள் என்று வேறு எழுதினேன்.

குடத்தை அடைத்துக் கொடுத்தார். சொட்டு ஒழுகவில்லை. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். மஞ்சள். முழுச் சந்தும் மஞ்சள். படம் பாஸானால் இந்த முப்பது பட்டறையும் ஆத்துக்கு அந்தப்புறம்.

ஆடி 29, திங்கள்

கருப்பையா அண்ணனைத் தனியே கூப்பிட்டேன். "கிணத்தடிச் சந்து பட்டறைத் தெருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே சார். கொட்டாம்பட்டியில என் மகளைக் கட்டிக் குடுத்தப்ப சீரு அண்டாவை அங்கேதானே அடிச்சு வாங்கினேன்."

"பின்னே ஏன்யா சொல்லலை!"

"நீங்கதானே சார் வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க."

கோபத்தில் மைக்கோலைக் கீழே போட்டேன். முனை வளைந்துவிட்டது. புதுசு வாங்கணும்.

சும்மா இருந்துவிட்டால்? யாருக்குத் தெரியும்? சந்தில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் நோட்டீஸ் தெரியாது. ஆபீசருக்குத் தெரியாது. படம் மெட்ராஸ் போகும், என் வேலை நிரந்தரமாகும். தவணை நோட்டீஸ் போகிறபோது நான் வேறு செக்‌ஷனில்கூட இருப்பேன்.

இப்படி யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆடி 31, புதன்

ஆபீசரிடம் சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில்.

அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாய் இருந்தது. ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். "ஆறுமுகம், கையெழுத்துப் போட்டு நோட்டீஸும் போட்டாச்சு. இனி ஆபீஸ் தானாத் திருத்த முடியாது. ஊர்க்காரங்க யாராவது எழுத்துல ஆட்சேபம் குடுத்தா கமிட்டி விசாரிக்கும். அவ்வளவுதான் வழி."

"நான் எழுதிக் குடுக்கட்டுமா சார்?"

"நீ செஞ்சது தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா, உன் பைலை நான் எந்த முகத்தோட மேலே அனுப்புறது? அந்தச் சந்துக்காரங்களை எழுதச் சொல்லு."

நல்ல மனுஷர். எனக்கு வழி விடத்தான் சொல்கிறார்.

ஆவணி 2, வெள்ளி

சாயங்காலம் சந்துக்குப் போனேன். ஆட்சேப மனு எழுதியே கொண்டுபோயிருந்தேன், கையெழுத்து மட்டும் போட்டால் போதும். வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். நடந்ததைச் சொன்னேன். மஞ்சள் என்றால் என்ன, ஊதா என்றால் என்ன, எல்லாம். என் தப்பு என்பதையும் சொன்னேன்.

ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "தப்பா எழுதினது நீரு. ஆட்சேபம் நாங்க எழுதணுமாக்கும்?"

இன்னொருவர்: "இது பட்டறைன்னு நாங்களே கையெழுத்துப் போட்டா, இத்தனை வருசம் ஏன்டா லைசென்ஸ் எடுக்கலைன்னு உள்ளே தூக்கி வச்சா? பிள்ளைகளுக்கு நீரு சோறு போடுவீரா?"

இங்கிருந்து ஆத்துக்கு அப்பால் போனால் கடைக்காரன் அங்கே வரமாட்டான், நடந்து வந்து வாங்குகிறவனும் வரமாட்டான், இது அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் பயம். கிளம்பும்போது காமாட்சியம்மா, "போய்ட்டு வா தம்பி. மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். குடித்தேன். கையெழுத்து ஒன்றுகூட விழவில்லை.

ஆவணி 5, திங்கள்

மப்பும் மந்தாரமும். மழை இல்லை.

ஆட்சேபம் கொடுத்துவிட்டேன். நானே. நானும் இந்த ஊரில் குடியிருக்கிறவன்தானே? ஊர்க்காரர் யாரும் கொடுக்கலாம் என்றுதான் நோட்டீஸ் சொல்கிறது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

பாரத்தில் மூணு கட்டம். பெயர்: ஆறுமுகம். குடியிருப்பு: குதிரை லாயத்துக்குப் பக்கத்து வீடு. தொழில்: மைக்கோலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். "இந்தப் படத்தை வரைந்தவன்."

ரிஜிஸ்தர் கிளார்க் படித்தார். மறுபடி படித்தார். "ஓய், உம்ம படத்துமேலே உம்ம ஆட்சேபமா? வெயில் ஜாஸ்தியா?"

"நம்பரைப் போடும்."

போட்டார். எனக்கு முன்னால் இருந்ததெல்லாம் கடை முகப்பை வெட்டக் கூடாது, மூலையைச் சாய்க்கக் கூடாது என்கிற ரகம். நான் எழுதியதன் சாரம்: பாத்திரக்கடை வீதியைச் சிவப்பாக்கி வளர்க்கப் பார்க்கிறோம். அந்த வீதிக்குச் சரக்கு அடித்துக் கொடுக்கிற சந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சந்தை ஆத்துக்கு அந்தப்புறம் தள்ளினால் வீதியும் சேர்ந்து படுக்கும். ஆகவே சந்து ஊதாவாக வேண்டும். சர்வே தப்பு. சர்வே செய்த நாள் அமாவாசை.

மரகதத்திடம் சொன்னேன். வேலை போனாலும் போகும் என்று சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "போனாப் போகுது. இட்லிக்கடை இருக்குல்ல" என்றாள். அவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைத்ததற்கு எந்தச் சாமிக்குத் தேங்காய் உடைக்கணுமோ.

ஆவணி 14, புதன்

கமிட்டி. என் முறை மூணு மணிக்கு. தலைவர் பாரத்தை உரக்கப் படித்தார், தொழில் கட்டம் வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். சிரிப்பு எழுந்தது. ஆபீசர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை.

"உன் சர்வே வீடுங்குது. உன் மனு பட்டறைங்குது. எந்த ஆறுமுகத்தை நாங்க நம்புறது?"

"ரெண்டு பேரையும் நம்ப வேண்டாங்க. நேர்ல வந்து பாருங்க."

ஒப்புக்கொண்டார்! வருகிற 23, வெள்ளி, காலை ஒன்பது மணி. வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஓடி வந்தேன். ம.வுக்கு மல்லிகைப்பூ. காபி. சுவரில் தொங்குகிற காலண்டரில் குறித்து வைக்கலாமென்று பென்சிலோடு போனால்...

23, வெள்ளி. அமாவாசை.

பூவைத் தலையில் வைத்துக்கொண்டே ம. வந்து பார்த்தாள்.

ஆவணி 19, திங்கள்

தேதியை மாற்றச் சொல்லி ஆபீசர் மூலம் கேட்டாயிற்று. ஆகாது. மறுநாள் தலைவர் வெளியூர் போகிறார், திங்களன்று படம் மெட்ராஸ் ரயிலேறணும். "அமாவாசைன்னா என்ன, நல்ல நாள்தானே?" என்றாராம்.

சந்துக்கு ஓடினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "ஒரே ஒரு நாள். அரை மணி நேரம். நாலு பேர் தட்டினாப் போதும்."

"மாட்டோம்."

"உங்க பிழைப்புக்குத்தான்யா சொல்றேன்!"

"பிழைப்பு குடுக்குற சாமானய்யா சுத்தியலு" என்றார் அன்றைக்குக் கத்தின அதே பெரியவர். "மாசத்துல ஒரு நாள் அதுக்கு ஓய்வு. எங்க அப்பன் தட்டினதில்ல, பாட்டன் தட்டினதில்ல. ஆத்துக்கு அந்தப்பக்கம் போனாலும் அன்னிக்குத் தட்ட மாட்டோம்."

முட்டாள்கள், பிடிவாதக்காரர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பாதி தூரம் வந்தேன். பிறகு தானாக அடங்கியது. என்னைப் பிடித்து அமாவாசை விரதத்தை விடு, அரை மணி நேரம்தானே என்று எவனாவது சொன்னால் விடுவேனா? பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன்.

ஆவணி 23, வெள்ளி

வீட்டுக்கு வந்து, விரதம் விட்டு, சாப்பிட்டு, இப்போதுதான் உட்கார்கிறேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்பதுக்குச் சரியாகக் குதிரைவண்டி. தலைவர், மெம்பர்கள் இரண்டு பேர், ஆபீசர். நானும் கருப்பையா அண்ணனும் முனையில் காத்திருந்தோம். சந்துக்குள் நடந்தோம். எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது, ஒருக்களித்துக்கூட இல்லை.

தலைவர் நின்றார். "என்னப்பா, இம்புட்டு அமைதியா இருக்கு! உன் சர்வேதான் சரி போலிருக்கே."

"இன்னிக்கு அமாவாசைங்க. அதான்..."

"கண்ணால் கண்டதைத்தானே எழுதணும்?" ஒரு மெம்பர் எடுத்துக் கொடுத்தார். ஆபீசர் அவஸ்தையாய்த் தொண்டையைச் செருமினார்.

"கண்டதைத்தான் எழுதினேங்க. வாசலோட நின்னு கண்டேன். அதுதான் தப்பு. உள்ளே வந்து பாருங்க."

"எங்கே உள்ளே? கதவு சாத்தியிருக்கே."

ஆமாம். சாத்தியிருந்தது. நான் போய் ஒரு கதவைத் தட்டினேன். பதில் இல்லை. இரண்டாவது கதவு. உள்ளே ஆள் மூச்சு கேட்கிறது, திறக்கவில்லை. தலைவர் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வேர்வை வேர்த்ததில்லை. சரி, முடிஞ்சது என்றுதான் நினைத்தேன்.

காமாட்சியம்மா வீட்டுக் கதவு திறந்தது.

குளித்து, நெற்றி நிறைய விபூதி. வாசலில் வந்து நின்று கும்பிட்டார். "உள்ளே வாங்க சாமி. இது பட்டறைதான். அன்னிக்கு இந்தத் தம்பிகிட்டே வீடுதான்னு பொய் சொன்னவ நான். லைசென்ஸுக்குப் பயந்துக்கிட்டுச் சொன்னேன்."

"இன்னிக்குப் பயமில்லையாம்மா?"

"இருக்குங்க. ஆனா இந்தத் தம்பி தன் மூஞ்சில தானே கரியப் பூசிக்கிட்டு நடுத்தெருவுல நிக்கிது. நாங்க கதவச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

உள்ளே போனோம். உலை அணைந்து, சாம்பல் வாரி, மெழுகித் துடைத்திருந்தது. பாத்திரத்தை வைத்து அடிக்கிற நாலு அடைகல்லும் வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளுப் பூ. சுத்தியல்களைக் கழுவி ஒரு பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். சுவரோரம் கூரை முட்ட அண்டாக்கள், பாதி அடித்தவை. ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தரையே பள்ளம் விழுந்திருந்தது. மூணு தலைமுறைப் பள்ளமாம்.

தலைவர் ஒரு அண்டாவின் பக்கத்தில் போய், பருமன் பார்க்கவோ என்னவோ, விரல் முட்டியை மடக்கினார்.

"ஐயா, ஐயா!" காமாட்சியம்மா பதறிவிட்டார். "இன்னிக்குத் தட்டக் கூடாதுங்க!"

தலைவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்க." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. சந்து தப்பிச்சதென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே வந்தால் ஒவ்வொரு கதவாய்த் திறந்துகொண்டே வருகிறது. எதிர்வீடு, பக்கத்து வீடு, அதற்கடுத்தது. கத்தின பெரியவர் கதவைத் திறந்துவிட்டு ஓரமாய் நின்றார். எல்லா வீட்டிலும் அடைகல், சந்தனம், பூ. தலைவர் விடாமல் எல்லா வீட்டுக்குள்ளும் போனார். ஜரிகை அங்கவஸ்திரம் கரியாகிவிட்டது.

முனையில் நின்று பேசினார்கள். தீர்ப்பு: சந்து ஊதா. சுத்தியல் தட்டுவது பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை. லைசென்ஸ் இனிமேல் எடுக்கணும், போனதைக் கேட்கப்போவதில்லை. நான் துணிந்து ஒன்று கேட்டேன். "வாசல்லயே விக்கவும் விட்டா நல்லதுங்க. ஓட்டைக் குடத்தோட வாரவுக புதுக் குடமும் வாங்கிட்டுப் போவாக. ஊதாவுக்குள்ளே சிவப்புக் கோடு போடலாம். பட்டறையும் கடையும் சேர்ந்தது."

"அப்படி ஒரு கலர் சட்டத்துல இருக்கா?" தலைவர் ஆபீசரைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார் ஆபீசர். பிறகு: "இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

"போடு" என்றார் தலைவர்.

மத்தியானமே ஆபீசில் உட்கார்ந்து திருத்தினேன். மஞ்சள் மேல் ஊதா பூசினால் சேறு. ஆகவே பிளேடால் மஞ்சளை மெல்லச் சுரண்டினேன். படம் வரைந்த துணி அங்கே சற்று மங்கித் தெரியும், எத்தனை நகல் எடுத்தாலும் போகாது. ஊதா காய்ந்த பிறகு சிவப்புக் கோடுகள், தலைமயிர் கனத்தில், சமமாய். ஒன்றுகூடப் பிசகவில்லை. திருத்தின இடத்தில் திருத்தியவன் பெயரெழுத்து வேணுமாம். போட்டேன். சின்னதாய், சந்துக்குள்ளேயே.

படம் முழுக்கத் தேடினாலும் என் பெயர் இருக்கிற ஒரே இடம் அதுதான். சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல்நாள் நாற்காலி மேல் ஏறி நின்றபோது இருந்ததைவிட அதிகம்.

வேலை நிரந்தரமாகுமா? ஆபீசர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆவணி 24, சனி

காலையில் மேகம், பிறகு நல்ல வெயில். புதுக் கலருக்கு எல்லை அளக்கச் சந்துக்கு. நானும் கருப்பையா அண்ணனும். வழியிலேயே சொல்லிவிட்டேன், "இன்னிக்கு நீங்க என்ன வேணாலும் பேசலாம்ணே. நான் கேட்டுக்கிறேன்."

சங்கிலியின் ஒரு முனை அவரிடம் அந்தக் கோடியில், மறுமுனை என்னிடம். அவர் அளவைக் கத்துகிறார். வாய் அசைகிறது, ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. டங் டங் டங். "என்னது?" என்று நானும் கத்தினேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவர் சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினார், ஏழு விரல். ஏழு சங்கிலி. எழுதிக்கொண்டேன்.